கதவைத் தட்டியது யார்? ஹீலா மரங்கொத்தியை அடையாளம் காண ஒரு வழிகாட்டி

ஊரிலிருந்து அம்மா வந்து டூசானில் எங்களுடன் தங்கியிருந்த ஏப்ரல் மாதம் அது. விடிந்தும் விடியாத நேரத்தில், "யாரோ கதவத் தட்டுறாங்கப்பா" என்று என்னை எழுப்பினார். நான் எழுந்து வருவதற்குள் அவரே போய்க் கதவைத் திறந்து பார்த்துவிட்டார். வாசலில் யாருமில்லை. தட்டல் மட்டும் நிற்கவில்லை. வெளியே வந்து அண்ணாந்து பார்த்தால், கூரைமேல் இருக்கும் ஏர்கூலரின் தகரப் பெட்டியில் மைனா அளவுக்கு ஒரு பறவை உட்கார்ந்து, வைத்த கண் வாங்காமல் தகரத்தைக் கொத்திக்கொண்டிருந்தது. "பேரு மரங்கொத்தி, கொத்துறது தகரமா?" என்றார் அம்மா.

அதுதான் ஹீலா மரங்கொத்தி. வேலைக்கோ படிப்புக்கோ அரிசோனா மாநிலத்துக்குப் புதிதாக வந்து, ஃபீனிக்ஸ், சாண்ட்லர், டூசான் பக்கம் குடியேறியிருப்பவர்கள் முதலில் பழக வேண்டிய பறவை என்று இதைத்தான் சொல்வேன். இதைத் தேடிக் காட்டுக்குப் போக வேண்டியதில்லை. அதுவே வீட்டுக்கு வந்துவிடும். ஆனால் சரியாக அடையாளம் காணச் சில காலை நேரங்கள் செலவழிக்க வேண்டும். முதல் ஒரு வருடம் நான் இந்த ஒரே பறவையை இரண்டு பறவை என்று நினைத்து, நோட்டில் இரண்டு பெயரில் எழுதி வைத்திருந்தேன். எங்கே தவறினேன் என்பதைக் கீழே சொல்கிறேன்.

முதலில் பெயர். ஆங்கில எழுத்தைப் பார்த்து 'கிலா' என்று படித்துவிடாதீர்கள். ஸ்பானிய உச்சரிப்பில் அது 'ஹீலா'. நியூ மெக்சிகோவில் பிறந்து அரிசோனாவின் குறுக்கே ஓடிக் கொலராடோ ஆற்றில் சேரும் ஹீலா நதியின் பெயர்தான் பறவைக்கும். அதேபோல, கௌபாய் படங்களில் கை தூக்கி நிற்குமே அந்த ராட்சதக் கள்ளி, அதன் பெயர் 'சவாரோ'. 'சகுவாரோ' என்று சொன்னால் உள்ளூர்க்காரர்கள் நாம் நேற்றுதான் விமானத்திலிருந்து இறங்கினோம் என்று புரிந்துகொள்வார்கள். இந்த இரண்டு பெயரும் சேர்ந்தேதான் வரும். சவாரோவைத் தெரிந்துகொள்ளாமல் இந்த மரங்கொத்தியைத் தெரிந்துகொள்ள முடியாது.

எங்கே, எப்போது போவது

இந்தப் பறவை சொனோரா பாலைவனத்துச் சொத்து. தெற்கு அரிசோனா, அதை ஒட்டிய நியூ மெக்சிகோ, கலிஃபோர்னியா, நெவாடா ஓரங்கள், பிறகு மேற்கு மெக்சிகோ. வலசை போவதில்லை, ஆண்டு முழுக்க இங்கேதான் இருக்கும். டூசானின் கிழக்கிலும் மேற்கிலும் இரண்டு பகுதிகளாக இருக்கும் சவாரோ தேசியப் பூங்கா, சபீனோ பள்ளத்தாக்கு, ஃபீனிக்ஸில் பாலைவனத் தாவரவியல் பூங்கா, சாண்ட்லர் பக்கம் இருப்பவர்களுக்கு கில்பர்ட் நீர்நிலைக் காப்பகம் என எங்கே போனாலும் பார்க்கலாம். ஆற்றோரக் காட்டன்வுட் மரங்களிலும் ஊருக்குள் பனை மரங்களிலும் மெஸ்கீட் மரங்களிலும் இருக்கும். (மெஸ்கீட் வேறு யாருமல்ல, நம் ஊரைப் பிடித்து ஆட்டும் சீமைக்கருவேலத்தின் பங்காளி. இங்கே அதற்கு மரியாதையே வேறு.)

காலம் என்று கேட்டால் ஏப்ரல், மே. அப்போது ஜோடி சேர்ந்து சத்தமும் சண்டையுமாக இருக்கும், சவாரோவும் பூத்திருக்கும். சூரியன் உதிக்கும்போது நீங்கள் இடத்தில் இருக்க வேண்டும். மே மாதம் ஐந்தரைக்கு முன்பே பொழுது விடிந்துவிடும். ஒன்பது மணிக்கு மேல் பறவைக்கும் தாங்காது, உங்களுக்கும் தாங்காது. ஜூனில் 40 டிகிரி செல்சியஸைச் சாதாரணமாகத் தாண்டும். ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர், தொப்பி, மூடிய ஷூ. பைனாகுலர் 8x42 போதும். அதைவிடப் பெரிதாக வாங்கினால் கை நடுங்கி ஒன்றும் தெரியாது.

ஒரு எச்சரிக்கை. பாதையை விட்டு இறங்காதீர்கள். பாம்பு இருக்கிறது என்பது ஒரு காரணம். அதைவிட அதிகமாக ஆட்களைப் பிடிப்பது சோயா என்ற கள்ளி. லேசாக உரசினாலே ஒரு துண்டு கழன்று உடம்பில் தைத்துக்கொள்ளும். கையால் பிடுங்கப் போனால் கையும் மாட்டும். பையில் ஒரு சீப்பு வைத்துக்கொள்ளுங்கள். முள்ளுக்கும் தோலுக்கும் நடுவில் விட்டு ஒரே நெம்பு. தலைசீவ அல்ல, இதற்காகவே இங்கே பலர் சீப்பு கொண்டுபோகிறார்கள்.

கண்ணுக்கு முன் காது

புதியவர்கள் எல்லோரும் செய்யும் தவறு, போய் நின்றதும் பைனாகுலரை எடுத்துக் கள்ளி கள்ளியாகத் துழாவுவது. அதைக் கழுத்திலேயே தொங்க விட்டுவிட்டுப் பத்து நிமிடம் சும்மா நில்லுங்கள். ஹீலா மரங்கொத்திக்கு வாய் அடங்காது. அதன் குரலில் இரண்டை மட்டும் பழகினால் போதும்.

ஒன்று, நாக்கைச் சுழற்றிச் சொல்வது போன்ற 'க்விர்ர்ர்'. ஒரு விநாடிக்குள் முடிந்துவிடும், கொஞ்ச நேரத்தில் மறுபடி வரும். இன்னொன்று, அழுத்தினால் கத்தும் ரப்பர் பொம்மையை யாரோ விடாமல் அமுக்குவது போல 'கீப்-கீப்-கீப்-கீப்'. இது பெரும்பாலும் பக்கத்து ஜோடியுடனோ வேறு பறவையுடனோ தகராறு நடக்கும்போது வரும். தகராறு இல்லாத நாளே கிடையாது.

காதை ஏமாற்ற இரண்டு பறவைகள் உண்டு. ஸ்டார்ட் ஆகாத பழைய வண்டியைத் திரும்பத் திரும்ப முடுக்குவது போல் கேட்டால் அது கள்ளிக்குருவி. அரிசோனாவின் மாநிலப் பறவை. தெருமுனையில் யாரோ ஆளைக் கூப்பிட 'விட்-வீட்' என்று விசிலடித்தது போல் இருந்தால் அது வளைமூக்கு த்ராஷர். இரண்டும் பாலைவனத்தில் எங்கும் கேட்கும். இவற்றைக் கழித்துவிட்டால் மிச்சமிருக்கும் 'க்விர்ர்ர்' நம் ஆள்தான்.

மெர்லின் என்ற இலவசச் செயலி குரலைக் கேட்டுப் பெயர் சொல்லும். வைத்துக்கொள்ளுங்கள், தப்பில்லை. ஆனால் அதில் இருக்கும் குரலைச் சத்தமாக ஒலிக்கவிட்டுப் பறவையை வரவழைக்காதீர்கள். தன் எல்லைக்குள் இன்னொருவன் புகுந்துவிட்டான் என்று அது பதறிப் பறந்து வரும். கூட்டில் குஞ்சு காத்திருக்கும்.

இனி அந்தத் தகரக் கதை. கூலர் பெட்டியில் அது இரை தேடவில்லை. 'இது என் இடம்' என்று பறையறைகிறது. காய்ந்த மரத்தைவிடத் தகரம் தூரத்துக்குக் கேட்கும் என்பதைக் கண்டுபிடித்துவிட்டது, அவ்வளவுதான். இனப்பெருக்கக் காலம் முடிந்தால் தானாக ஓயும். அதுவரை பொறுக்க முடியாவிட்டால் தட்டும் இடத்தில் ஒரு பழைய கம்பளத் துண்டைக் கட்டிவையுங்கள். சத்தம் எழும்பாத இடத்தில் அதற்கு வேலையில்லை.

சிவப்புத் தொப்பியை நம்பாதீர்கள்

சரி, குரல் வந்த திசை தெரிந்துவிட்டது. இப்போது பைனாகுலரை எடுங்கள்.

படங்களில் எல்லாம் தலையில் சிவப்புப் பொட்டு வைத்த பறவையைத்தான் காட்டுவார்கள். நானும் அந்தப் பொட்டைத்தான் தேடினேன். அது ஆணுக்கு மட்டும். பெண்ணுக்குக் கிடையாது, அந்த ஆண்டு பறக்கத் தொடங்கிய இளம் பறவைக்கும் கிடையாது. அதாவது நீங்கள் பார்ப்பதில் பாதிக்குமேல் தொப்பியில்லாதவையாக இருக்கும். அந்தத் தொப்பியில்லாதவற்றைத்தான் நான் வேறு பறவை என்று எழுதி வைத்தேன்.

ஆகவே முதுகைப் பாருங்கள். முதுகும் இறக்கையும் முழுக்கக் கறுப்பும் வெள்ளையுமாகக் குறுக்குக் கோடுகள், வரிக்குதிரை போல. தலை, கழுத்து, மார்பு எல்லாம் எந்தக் கோடும் புள்ளியும் இல்லாத மங்கலான பழுப்பு. பாலைவனத் தூசியைப் பூசியது போன்ற நிறம். முதுகில் அத்தனை கோடு, முகத்தில் ஒன்றுகூட இல்லை என்பதுதான் அடையாளம். வயிற்றில் லேசான மஞ்சள் சாயல் இருக்கும், வெளிச்சம் சரியாக விழுந்தால் தெரியும். நீளம் 22 முதல் 24 சென்டிமீட்டர். அலகு நீளம், கறுப்பு.

பறக்கும்போது மேலே ஏறி, இறக்கையை மடக்கிக் கீழே இறங்கி, மறுபடி ஏறி, அலை போலப் போகும். நம் ஊர்ப் பொன்முதுகு மரங்கொத்தி தென்னந்தோப்பில் போவதைப் பார்த்திருந்தால் இந்த நடை உடனே பிடிபடும். அப்போது இறக்கை நுனிப் பக்கம் பளிச்சென்று ஒரு வெள்ளைத் திட்டு மின்னும். தூரத்தில் இருந்தாலும் இந்த ஒன்றை வைத்தே சொல்லிவிடலாம்.

மே மாதத்திலும் ஜூன் கடைசியிலும் இன்னொரு குழப்பம் வரும். சவாரோ பூவுக்குள் தலையை விட்டுத் தேன் குடித்துவிட்டு வரும் பறவையின் நெற்றி மகரந்தம் ஒட்டி மஞ்சளாக இருக்கும். பழக்காலத்தில் அலகைச் சுற்றிச் சிவப்புச் சாறு அப்பியிருக்கும். புத்தகத்தில் இல்லாத புது இனம் கண்டுபிடித்த சந்தோஷத்தில் யாருக்கும் போன் போட்டுவிடாதீர்கள்.

இதே கள்ளியில் வேறு யார் கொத்துகிறார்கள்

குழப்பக்கூடியவை முக்கியமாக இரண்டு.

பொன்னிறகு ஃபிளிக்கர் என்பது ஹீலாவைவிடப் பெரியது. முதுகு பழுப்பு, மார்பின் மேல் பிறை போல் கறுப்புப் பட்டை, வயிறு முழுக்கக் கறுப்புப் புள்ளிகள். பறந்தால் இறக்கையின் அடிப்பக்கம் பொன்மஞ்சளாகத் தெரியும், வாலுக்கு மேலே வெள்ளை. ஆணுக்குச் சிவப்பு தலையில் இல்லை. கன்னத்தில் மீசை மாதிரி. மரங்கொத்தியாக இருந்தும் தரையில் இறங்கி எறும்பு பொறுக்கும் பழக்கம் உண்டு. தரையில் குதித்துக்கொண்டிருக்கும் மரங்கொத்தியைப் பார்த்தால் முதலில் இதைச் சந்தேகப்படுங்கள்.

ஏணிமுதுகு மரங்கொத்தி சின்னது, கிட்டத்தட்ட சிட்டுக்குருவிக்கு அண்ணன். முதுகுக் கோடுகள் ஹீலாவைப் போலவே இருப்பதால் படத்தில் பார்த்தால் குழம்பும். முகத்தைப் பார்த்தால் குழம்பாது: முகத்திலும் கறுப்பு வெள்ளைக் கோடுகள் உண்டு. ஹீலாவுக்கு முகம் வெறுமை. இது மெல்லிய கிளைகளிலும் சோயாக் கள்ளியிலும் சத்தமில்லாமல் வேலை பார்க்கும். அவ்வப்போது ஒரே ஒரு 'பிக்'.

மலைமேல் இருக்கும் ஓக் மரக் காடுகளுக்குப் போனால் கதையே மாறும், வேறு மரங்கொத்திகள் வரும். அது வேறு நாள் பார்த்துக்கொள்ளலாம்.

பொந்து சொல்லும் கதை

எனக்கு இந்தப் பறவையில் மிகவும் பிடித்தது அதன் இறகு அல்ல, அது போடும் பொந்து. பறவையே கண்ணில் படாத நாளிலும் பொந்தை வைத்துப் பாடம் படிக்கலாம்.

சவாரோவின் தண்டுக்குள் வளையமாக மரக்கம்புகள் நிற்கின்றன, கூடாரத்துக்கு நட்ட மூங்கில்கள் மாதிரி. அவற்றைச் சுற்றித் தண்ணீர் நிறைந்த சதை, அதற்கு வெளியே தோல். ஹீலா மரங்கொத்தி பெரும்பாலும் தோலுக்கும் கம்புகளுக்கும் இடையிலுள்ள சதையில்தான் குடைகிறது. அதனால் தண்டின் நடுவாக்கில், சதை தடிமனாக உள்ள உயரத்தில் அதன் பொந்து இருக்கும். வாய் சுமார் 5 சென்டிமீட்டர் அகலம். ஃபிளிக்கர் பெரிய பறவை, அதற்கு அந்த இடைவெளி போதாது. எனவே உச்சிக்குப் பக்கத்தில், கம்புகள் மெலிந்த இடத்தில் அவற்றையே வெட்டி உள்ளே போகும். ஆகவே பொந்து நடுவில், வாய் சிறியது என்றால் ஹீலா. உச்சியில், பெரிய வாய் என்றால் ஃபிளிக்கர் என்று ஊகிக்கலாம். கள்ளிக்கு அதிகக் காயம் ஏற்படுத்துவதும் ஃபிளிக்கர்தான்.

குடைந்ததும் குடிபுக முடியாது. வெட்டிய சதையிலிருந்து கொழகொழவென்று சாறு கசியும். கள்ளி தன் காயத்தை ஆற்றிக்கொள்ள அந்தக் குழியின் உள்சுவரில் கெட்டியான தக்கை போன்ற தோலை வளர்க்கும். அதற்கு மாதக்கணக்கில் ஆகும். ஈரம் காய்ந்து சுவர் இறுகும்வரை மரங்கொத்தி காத்திருக்கும். பெரும்பாலும் இந்த வருடம் தோண்டியதில் அடுத்த வருடம்தான் குடித்தனம். வீடு கட்டிச் சுவர் காயவிட்டுப் பால் காய்ச்சுகிறவர்கள் நாம் மட்டும்தான் என்று நினைத்திருந்தேன்.

அந்தச் சுவர் எவ்வளவு உறுதி என்றால், கள்ளி செத்து, சதை அழுகி உதிர்ந்த பிறகும் பொந்தின் உறை மட்டும் தனியாகக் கிடைக்கும். பார்க்க ஒரு முரட்டுச் செருப்பு மாதிரி இருப்பதால் அதற்குச் 'சவாரோ பூட்ஸ்' என்றே பெயர். இந்த மண்ணின் பழங்குடிகளான தொஹோனோ ஓஓதம் மக்கள் அதைப் பொருள் போட்டு வைக்கும் கலமாகப் பயன்படுத்தினார்கள். விழுந்து கிடக்கும் கள்ளியின் பக்கத்தில் இப்படி ஒன்று கண்ணில் பட்டால் குனிந்து பாருங்கள், உள்ளே விரலால் தட்டிப் பாருங்கள், காய்ந்த சுரைக்குடுக்கை போல் சத்தம் வரும். ஆனால் பூங்காவிலிருந்து எடுத்து வராதீர்கள், சட்டப்படி குற்றம்.

உள்ளே வெள்ளை முட்டைகள், பெரும்பாலும் மூன்று அல்லது நான்கு. ஆணும் பெண்ணும் மாறி மாறி ஏறக்குறைய இரண்டு வாரம் அடைகாக்கும். குஞ்சுகள் சுமார் நான்கு வாரத்தில் வெளியே வரும். ஒரு பருவத்தில் இரண்டு, சில சமயம் மூன்று ஈடுகூட உண்டு. உயிருள்ள கூட்டைக் கண்டுபிடிக்க ஒரு வழி: அலகில் இரையோடு போகும் பறவையைக் கண்ணால் தொடருங்கள். வாயில் இரை இருந்தும் விழுங்காமல் போகிறது என்றால் எங்கோ யாரோ காத்திருக்கிறார்கள். கண்டுபிடித்த பிறகு முப்பது அடியாவது தள்ளி நின்று பாருங்கள். நீங்கள் நிற்பதால் அது கூட்டுக்குள் போகாமல் சுற்றிச் சுற்றிக் கத்தினால், இன்னும் பின்னால் போகச் சொல்கிறது என்று பொருள்.

என்னதான் சாப்பிடும்

கிடைப்பதையெல்லாம். பூச்சி, புழு, சவாரோப் பூவின் தேன், ஜூன் ஜூலையில் பழம். மெஸ்கீட் மரத்தில் ஒட்டி வளரும் புல்லுருவியின் சிவப்புப் பழம் குளிர்காலத்தில் கைகொடுக்கும். சின்னப் பல்லியையும் மற்றப் பறவைகளின் முட்டையையும்கூட விடாது. சாதுப் பறவை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

ஹம்மிங்பேர்டுக்குத் தொங்கவிடும் சர்க்கரைத் தண்ணீர்க் குடுவையில் இது வந்து குரங்கு போல் தொற்றிக் குடிக்கும். குடுவை சாய்ந்து பாதி தரையில் கொட்டும். அதை விரட்டுவதைவிட இரண்டாவது குடுவை வாங்குவது நிம்மதி. ஒரு பங்கு வெள்ளைச் சர்க்கரைக்கு நான்கு பங்கு தண்ணீர். கலர் வேண்டாம், தேன் வேண்டாம், நாட்டுச்சர்க்கரையும் வேண்டாம். கோடையில் தினமும் அல்லது ஒருநாள் விட்டு ஒருநாள் கழுவி மாற்றுங்கள், இல்லாவிட்டால் புளித்துவிடும்.

மாலையில் மறுபடி போங்கள்

மரங்கொத்தி காலி செய்த பொந்து காலியாக இருக்காது. கொத்தத் தெரியாத பறவைகளுக்கெல்லாம் அதுதான் வாடகையில்லா வீடு. சாம்பல்தொண்டை ஈப்பிடிப்பான், ஊதா மார்ட்டின், கெஸ்ட்ரல் வல்லூறு என்று வரிசையாகக் காத்திருப்பார்கள். ஐரோப்பாவிலிருந்து கொண்டுவரப்பட்ட ஸ்டார்லிங் மட்டும் காத்திருக்காது. மரங்கொத்தி உள்ளே இருக்கும்போதே சண்டை போட்டுப் பிடுங்கிக்கொள்ளும். காலையில் நீங்கள் கேட்ட ரப்பர் பொம்மைச் சத்தத்தில் பாதி இந்த வீட்டுச் சண்டைதான்.

ஆகவே காலையில் பார்த்து வைத்த கள்ளியை, பாதையில் எத்தனையாவது, பொந்து எந்தப் பக்கம் என்று குறித்துக்கொள்ளுங்கள். ஏப்ரல் கடைசியிலோ மே மாதத்திலோ சூரியன் மறைவதற்குக் கால்மணி நேரம் முன்பு அங்கே போய்ப் பாதையில் உட்காருங்கள். டார்ச் அடிக்க வேண்டாம், பேச வேண்டாம். வெளிச்சம் மங்கி, கோடு எது நிழல் எது என்று தெரியாத நேரத்தில் மரங்கொத்தியின் சத்தம் சட்டென்று நின்றுவிடும். அப்புறம் ஒரு பொந்தின் வாயில், அதுவரை இல்லாத ஏதோ ஒன்று அடைத்துக்கொண்டது போல் இருக்கும். பைனாகுலரை மெதுவாகத் தூக்குங்கள். இரண்டு மஞ்சள் கண்கள், அவற்றின்மேல் வெள்ளைப் புருவம். குட்டி ஆந்தை; உலகத்திலேயே எடை குறைந்த ஆந்தை, சுமார் 40 கிராம்தான் இருக்கும். மெக்சிகோவில் குளிர்காலத்தைக் கழித்துவிட்டு வந்து, போன வருடம் மரங்கொத்தி தோண்டிய வீட்டில் குடியேறியிருக்கிறது. ஒருமுறை இடமும் வலமும் பார்க்கும். நீங்கள் அடுத்த முறை கண் சிமிட்டுவதற்குள் பொந்து வெறுமையாக இருக்கும்.